பிடியரிசியில் ஓர் ஊழியம்: மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையின் முறை நம் சேகரத்தில் எடுபடுமா?

கேட்டவர்: சேகரப் பொருளாளர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சேகரத்தில் (ஒரு போதகர் பொறுப்பிலுள்ள சபைத் தொகுதி) 160 குடும்பங்கள். அறுப்பின் பண்டிகை ஏலம், சங்கக் காணிக்கை, உண்டியல், இந்த மூன்றை விட்டால் ஊழியத்துக்கென்று வேறு வரவு இல்லை. ஏலப் பணம் பெரும்பாலும் கட்டடத்துக்கே போய்விடுகிறது. மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபையில் வீட்டுக்கு வீடு பிடியரிசி (சமைக்கும்போது காணிக்கையாக எடுத்துவைக்கும் ஒரு பிடி அரிசி) எடுத்தே மிஷனெரிகளை அனுப்புகிறார்கள் என்று பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பேச்சு வந்தது. வருகிற ஜூனில் தொடங்கலாம் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம்.

தெரிந்துகொள்ள வேண்டியவை: அங்கே உண்மையில் இது எப்படி நடக்கிறது? சேர்ந்த அரிசியை என்ன செய்கிறார்கள்? உள்ளூர் உதவிக்கு எவ்வளவு, வெளி ஊழியத்துக்கு எவ்வளவு என்று யார் பிரிக்கிறார்கள்? நேபாளத்தில் ஒரு ஊழியத்துக்கும் கொஞ்சம் அனுப்பலாமா என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பதில் 1: வடகிழக்குக் குறிப்பு

மிசோ மொழியில் இதன் பெயர் 'புஃபாய் தாம்'. புஃபாய் என்றால் அரிசி, தாம் என்றால் கைப்பிடி. நம் 'பிடியரிசி' அப்படியே அங்கே இருக்கிறது.

தொடங்கியது 1910இல். அப்போது மிசோரமுக்கு லுஷாய் மலை என்று பெயர். வேல்ஸ் நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் மிஷன் அங்கே காலூன்றி பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன, டி. இ. ஜோன்ஸ் ஐஸ்வாலுக்கு வந்தது 1897. மலையில் காட்டை எரித்துப் பயிர்செய்த காலம். கையில் காசு புழங்கவில்லை, வீட்டில் இருந்தது நெல் மட்டுமே. அதனால் அரிசியாகவே கேட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, அடுத்த 1911-12இல் 'மவுதாம்' வந்தது. மூங்கில் பூத்து, எலி பெருகி, விளைச்சலை அழித்த பஞ்சம். புதிதாகத் தொடங்கிய ஒரு காணிக்கைக்கு அதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. அப்படியும் முறை நின்றுபோகவில்லை.

நடைமுறை இதுதான். சமைக்கப் போகும்போது உலைக்கு அளந்து எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போடுகிறார்கள். மூட்டையிலிருந்து கூடுதலாக ஒரு பிடி அள்ளுவது அல்ல. வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் முழு விஷயமும் அதில்தான் நிற்கிறது. அளந்ததில் எடுத்தால் அந்த வேளை வீடு ஒரு பிடி குறைத்துச் சாப்பிடுகிறது, மாதச் செலவு கூடுவதில்லை. ஏழை வீடும் பணக்கார வீடும் ஒரே அளவில் கொடுக்கிற ஒரே காணிக்கை இதுதான். மூட்டையிலிருந்து எடுத்தால் மாதக் கடைசியில் மூட்டை தீரும்போது முதலில் நிற்பது பிடியரிசி.

பொறுப்பு முழுவதும் 'கோஹ்ரான் ஹ்மெய்ச்சியா', அதாவது சபையின் பெண்கள் அமைப்பு. வாரம் ஒருமுறை தங்கள் பகுதி வீடுகளுக்குப் பையோடு போய் வாங்குகிறார்கள், ஓரிடத்தில் கொட்டி நிறுக்கிறார்கள், விற்கிறார்கள். வாங்குவதும் பெரும்பாலும் சபையாரே. பணம் சபையின் உயர்மட்டப் பேரவையான சினாடுக்குப் போகிறது.

ஒன்றை மட்டும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பிடியரிசியாலேயே மிசோ மிஷன் நடக்கிறது என்று நம் ஊர்க் கூட்டங்களில் சொல்வது பாதி உண்மை. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) தனி. விறகு பொறுக்கி விற்பது, காய்கறித் தோட்டம் போடுவது, ஒரு குழுவே ஒரு மிஷனெரியின் சம்பளத்தை ஏற்றுக்கொள்வது எல்லாம் சேர்ந்துதான். 2011 கணக்கெடுப்பில் 11 லட்சத்துக்கும் சற்றுக் குறைவான மக்கள் உள்ள மாநிலம் அது. அதில் ஒரு சபை அசாமின் கர்பி ஆங்லாங், பராக் பள்ளத்தாக்கு, அருணாச்சலம், நேபாளம் என்று ஆள் அனுப்புகிறது என்றால் ஒரு வழியில் மட்டும் பணம் வராது.

---

பதில் 2: மண்டிக்காரர்

மேலே சொன்னது சரி. நான் அரிசிப் பக்கம் மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் இது படுத்துவிடுவது அங்கேதான்.

அங்கே காலையும் மாலையும் இரண்டு வேளையும் சோறு. நம் வீடுகளில் காலையில் இட்லி, தோசை. இரவில் பாதி வீடுகளில் சப்பாத்தி. ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பிடி என்றே கணக்குப் போடுங்கள். பெண்களின் கையில் ஒரு பிடி 40 முதல் 50 கிராம். மாதத்துக்கு 1.2 முதல் 1.5 கிலோ. 160 வீட்டில் 100 வீடு ஒழுங்காகக் கொடுத்தால் 120 முதல் 150 கிலோ. கலந்த அரிசி கிலோ 35 ரூபாய்க்குப் போனால் மாதம் நாலாயிரத்திலிருந்து ஐயாயிரம் சொச்சம். இதற்கு மேல் எதிர்பார்த்துக் கமிட்டியில் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

'கலந்த அரிசி' என்றேனே, அது அடுத்த தலைவலி. ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி. மூன்றையும் ஒன்றாகக் கொட்டினால் பச்சரிசி குழையும் நேரத்தில் புழுங்கல் வேகாமல் நிற்கும். சோறாக்க யாரும் வாங்கமாட்டார்கள், மாவரைக்கவோ கோழித் தீவனத்துக்கோதான் போகும், விலை பாதியாகிவிடும். வாங்கப் போகும்போதே மூன்று பை கொண்டுபோங்கள்: சாப்பாட்டுப் புழுங்கல், இட்லி அரிசி, பச்சரிசி. வீட்டில் ஒரே டப்பாவில் இரண்டு வகை அரிசியைப் போடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வண்டு. மாதம் ஒருமுறை வாங்கினால் போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். வண்டு முட்டை அரிசிக்குள்ளேயே இருக்கும், நம் வெயிலில் நாலு, ஐந்து வாரத்தில் பெருகிவிடும். ஒரு வீட்டு டப்பாவில் வந்த வண்டு மொத்த மூட்டையையும் கெடுக்கும். வாரம் ஒருமுறை வாங்கி, பத்து நாளுக்குள் விற்றுவிட வேண்டும். டப்பா முழுக்கக் காலியான பிறகே புதுப் பிடி போட வேண்டும். பழையதன் மேல் புதியது விழுந்தால் அடியில் கிடப்பது ஆறு மாதம் அங்கேயே கிடக்கும். ஈரக் கையால் அள்ளக்கூடாது. காய்ந்த வேப்பிலையோ நாலு வரமிளகாயோ போட்டால் வண்டு வருவது குறையும், வந்த வண்டு போகாது.

ரேஷன் அரிசி இருக்கிறது பாருங்கள், அதைத் தனியாக எடுத்து, சேர்த்து, குறைந்த விலைக்குக் கொடுத்துவிடலாம். நிறைய வீட்டில் அதுதான் இருக்கிறது.

---

பதில் 3: கணக்குப்பிள்ளை

மண்டிக்காரர் அண்ணன் மற்றதெல்லாம் சரியாகச் சொன்னார். கடைசி வரியை மட்டும் அழித்துவிடுங்கள். ரேஷன் அரிசியை விற்பதும் வாங்குவதும் குற்றம், அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் வரும். சபை மண்டபத்தில் நாலு மூட்டை ரேஷன் அரிசி தராசோடு இருப்பதை யாராவது படம் எடுத்து அனுப்பினால், குடிமைப்பொருள் குற்றப் புலனாய்வுத் துறைக்கு முன் 'இது காணிக்கை' என்று விளக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். ரேஷன் அரிசி சமைக்கிற வீட்டில் அரிசியே வாங்காதீர்கள். ஒரு முட்டை, ஒரு தேங்காய், இல்லாவிட்டால் உலை வைக்கும்போது இரண்டு ரூபாய் நாணயம். அந்த வீட்டாரைக் குறைவாக நடத்துவதுபோல் தெரியக்கூடாது என்றால், எல்லா வீட்டிலும் அரிசியோ இவற்றில் ஒன்றோ என்று பொதுவாக அறிவித்துவிடுங்கள்.

இப்போது கணக்கு. மிசோரம் முறையில் நாம் படிக்க வேண்டியது பிடியரிசியைவிட அவர்களுடைய தசமபாகப் பிரிவினை. கொடுப்பவரே தொகையை மூன்றாகப் பிரித்து எழுதுகிறார்: 'பாத்தியன் ராம்', 'ராம்தார்', 'துவால்ச்சுங்'. முதலாவது சினாடின் பொது ஊழியத்துக்கு. ராம்தார் என்றால் புது நிலம், அது மிஷன். துவால்ச்சுங் உள்ளூர்ச் சபைக்கு. உங்கள் கேள்வியில் 'யார் பிரிக்கிறார்கள்' என்று இருந்தது, கொடுப்பவர்தான். கமிட்டி உட்கார்ந்து பிரித்தால் வருடத்துக்கு வருடம் கட்டடம்தான் ஜெயிக்கும். கூரை ஒழுகுவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், கர்பி ஆங்லாங்கில் ஆசிரியருக்குச் சம்பளம் நின்றது யார் கண்ணுக்கும் தெரியாது.

ஆகவே பிடியரிசிக்குத் தனி வங்கிக் கணக்கு. தனிப் பேரேடு என்பது போதாது, தனிக் கணக்கே வேண்டும். கையெழுத்து பெண்கள் சங்கத்தில் இருவர், சேகரக் குழுவில் ஒருவர். 'அவசரத்துக்குக் கைமாற்றாக எடுத்து அறுப்பின் பண்டிகை முடிந்ததும் வைத்துவிடுவோம்' என்ற தீர்மானம் எப்படியும் ஒருநாள் வரும். வருவதற்கு முன்பே 'கைமாற்று இல்லை' என்று எழுதி நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நிறுப்பது ஆராதனை முடிந்து எல்லோரும் இருக்கும்போது நடக்கட்டும். பகுதி வாரியாக எடை, விற்ற விலை, வாங்கியவரின் ரசீது எண், மூன்றும் பலகையில். வீட்டு வாரியாக எழுதவே கூடாது. யார் எத்தனை கிராம் என்று தெரிந்த அன்றே முறை செத்துவிடும். விலையை முந்தைய நாள் கடை விலையில் பத்து சதவீதம் குறைத்து வையுங்கள், ஏலம் வேண்டாம். அறுப்பின் பண்டிகைப் பழக்கத்தில் ஒரு படி அரிசியை ஆயிரம் ரூபாய்க்குக் கேட்கிற ஆள் வந்துவிட்டால், பிடியரிசி கொடுத்த வீடுகள் பின்னுக்குப் போய் ஏலம் எடுத்தவர் பெயர் முன்னுக்கு வந்துவிடும்.

இன்னொன்று. மாதம் ஐயாயிரம் வருகிறது என்று உடனே ஒருவருக்கு மாதச் சம்பளம் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஆறு மாதச் சம்பளம் கையில் சேர்ந்த பிறகு ஒப்புக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாதம் உற்சாகத்தில் நன்றாக வரும், பள்ளிக்கூடம் திறந்து பீஸ் கட்டும் நேரத்தில் குறையும், மழைக்காலத்தில் வாங்கப் போகிறவர்கள் போகமாட்டார்கள். குறைந்தாலும் அங்கே இருக்கிறவர் சாப்பிட வேண்டும்.

உள்ளூர் உதவியை இந்தப் பணத்தோடு கலக்காதீர்கள். விதவைகள், தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், ஆஸ்பத்திரிச் செலவு, இதற்கு ஏற்கெனவே உள்ள சகாய நிதி போதாதென்றால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். வேறு மதத்துக் குடும்பத்துக்கு உதவும்போது அரிசிப் பையோடு பிரசங்கத் தாளை வைத்துக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிடுங்கள். பல மாநிலச் சட்டங்களில் 'ஆசை காட்டுதல்' என்று இதைத்தான் பிடிப்பார்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், பசித்தவரிடம் அது முறையும் அல்ல.

---

பதில் 4: வடகிழக்குக் குறிப்பு

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோடு ஓர் அமைப்பு விஷயம். பிரஸ்பிட்டேரியன் சபையில் உள்ளூர் மூப்பர்களும் போதகரும் சேர்ந்து உள்ளூர் காரியத்தைத் தீர்மானிப்பார்கள். அதற்கு மேல் சேகரம், பல சேகரங்கள் சேர்ந்த பிரஸ்பிட்டரி, எல்லாவற்றுக்கும் மேல் சினாடு. மிஷனெரியைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, இடம் மாற்றுவது, சம்பளம் கொடுப்பது சினாடு மிஷன் போர்டு. ஒரு சபை ஒரு மிஷனெரியைத் தாங்கினாலும் பணம் போர்டு வழியாகவே போகும், நேராக அவர் கைக்குப் போகாது. இதனால் நன்றாகக் கடிதம் எழுதத் தெரிந்த மிஷனெரிக்குப் பணம் குவிவதும், எழுதத் தெரியாதவர் பட்டினி கிடப்பதும் இல்லை. நம் பக்கம் தனித்தனிக் குழுக்கள் தனித்தனி ஊழியர்களைத் தாங்கும் முறையில் இந்த ஏற்றத்தாழ்வு அடிக்கடி வரும்.

திருநெல்வேலிக்காரர்களுக்கு இது புதிதும் அல்ல. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம் உள்ளூர்ப் பணத்தில், உள்ளூர் ஆட்களைக் கொண்டு, தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பக்கம் ஊழியம் செய்தது. வேதநாயகம் சாமுவேல் அசரியா அதிலிருந்துதான் வந்தார், 1912இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். புதிதாக ஒரு மிஷனை நீங்களே கட்ட வேண்டிய அவசியம் இல்லை. சேர்கிற பணத்தை ஏற்கெனவே ஆட்கள் உள்ள ஒரு சங்கத்தோடு, ஓர் ஊருக்கு, ஐந்து ஆண்டுக்கு என்று ஒப்பந்தமாகப் பிணையுங்கள்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் மிசோரமுக்கு இந்தியரும் உள்நாட்டு நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். விமானத்தில் போனால் லெங்புய் விமான நிலையத்திலேயே எடுக்கலாம். கொல்கத்தா, குவாஹாட்டி, சில்சாரில் உள்ள மிசோரம் இல்லங்களிலும் கிடைக்கும். 2025 செப்டம்பரிலிருந்து ஐஸ்வாலுக்கு அருகிலுள்ள சாய்ராங் வரை ரயில் போகிறது. 1894 ஜனவரியில் லோரெய்ன், சாவிட்ஜ் என்ற முதல் இரண்டு மிஷனெரிகள் படகில் வந்து இறங்கிய அதே சாய்ராங். இருபது பேராகப் போகாதீர்கள். நிறுப்பவர், கணக்கு எழுதுபவர், வீட்டுக்குப் போய் வாங்குபவர், இந்த மூன்று பேர் போனால் போதும். அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை, வண்டி பெரும்பாலும் இருக்காது, அதற்கேற்பப் பயணத்தை வையுங்கள்.

---

பதில் 5: பதிவேடு

நேபாளம் பற்றிய கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வாலிபர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, அங்கே மதமாற்றம் செய்வதை அரசியலமைப்பின் 26ஆம் பிரிவே தடுக்கிறது. 2017இல் இயற்றிய குற்றவியல் சட்டத்தில் ஐந்து ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பின் வெளியேற்றம். இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதால் போய் இறங்குவது சுலபம், சிக்கினால் மாட்டிக்கொள்வது உங்களைக் கூட்டிப்போன அந்த ஊர்ச் சபை. விடுமுறைக்குப் பத்து நாள் போய்த் தெருவில் தாள் கொடுத்துப் படம் எடுத்துவருவது ஊழியம் அல்ல, அங்கிருப்பவர்களுக்குத் தொல்லை.

இரண்டு, பணம். வருமான வரி விலக்கு பெற்ற இந்திய அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழித்தால், முன் அனுமதி இல்லாத பட்சத்தில் அந்தத் தொகைக்கு விலக்கு கிடைக்காது. ஒரு சேகரம் ஐயாயிரம் ரூபாயை எல்லை தாண்டி அனுப்பப் போய்ப் பேராயத்தின் (சேகரங்களுக்கு மேலுள்ள அமைப்பு) கணக்கையே சிக்கலில் விடக்கூடாது. வெளிநாட்டு உறவு வேண்டும் என்றால் பேராயம் வழியாகப் போங்கள். தென்னிந்தியத் திருச்சபை, இந்தியப் பிரஸ்பிட்டேரியன் சபை, வேல்ஸ் பிரஸ்பிட்டேரியன் சபை மூன்றுமே உலக மிஷன் கவுன்சிலில் உறுப்பினர்கள். அந்த வழியில் பணத்தைவிட ஆட்கள்தான் அதிகம் போகவர இருக்கிறார்கள். இந்த நூற்றாண்டில் மிசோ போதகர்கள் வேல்ஸுக்கே ஊழியம் செய்யப் போயிருக்கிறார்கள், நூறு ஆண்டுக்கு முன் தங்களிடம் ஊழியத்துக்கு வந்தவர்களின் ஊருக்கு.

உள்ளே வருகிற பணத்திலும் கவனம். துபாயில், சிங்கப்பூரில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் 'நாங்களும் பிடியரிசிக்கு அனுப்புகிறோம்' என்பார்கள். இந்தியக் குடியுரிமை இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் ஆகும், அவரிடம் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை இருந்தாலும் ஆகும். அந்தப் பணத்தை வாங்க வெளிநாட்டு நன்கொடைப் பதிவும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். சேகரத்தில் அது இருக்காது. ஆகவே வாங்குவதற்கு முன்பே பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டு, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுத்தான் ஆக வேண்டும்.

வரிச்சலுகை ரசீது கேட்பவர்களுக்கு: முழுக்க மத நோக்கமுள்ள நிதிக்குக் கொடுத்தால், '80ஜி' என்று சொல்லும் வருமான வரிக் கழிவு கிடையாது. மருத்துவமனை, பள்ளி என்று தனியாகப் பதிவுசெய்த சங்கத்துக்குக் கொடுப்பது வேறு.

---

கேட்டவர்: சேகரப் பொருளாளர்

எல்லோருக்கும் நன்றி. நேபாளத்தை விட்டுவிடுகிறோம். ரேஷன் அரிசி விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. இன்னும் இரண்டே கேள்வி: டப்பா சபையே வாங்கிக் கொடுக்கலாமா, எந்த அளவு? வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேர் வேண்டும்?

---

பதில் 6: மண்டிக்காரர்

ரேஷன் அரிசியில் கணக்குப்பிள்ளை சொன்னதே சரி, என் வரியை எடுத்துவிடுங்கள்.

டப்பா சபையே கொடுக்கட்டும், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி. ஒரு வாரத்துக்கு ஏழு பிடி, 350 கிராம். அரை கிலோ பிடிக்கும் டப்பா போதும். பெரிய டப்பா கொடுத்தால் வாரம் முடிந்தும் அடியில் கொஞ்சமாகத் தெரியும், 'இதற்கா வந்தீர்கள்' என்று கொடுப்பவருக்கே கூச்சம், அடுத்த மாதம் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள், வண்டு விழும். மேலே ஓட்டை போட்ட உண்டியல் மாதிரி வேண்டாம், ஓட்டை வழியே எறும்பும் ஈரமும் போகும். இறுகின மூடியுள்ள எவர்சில்வர் டப்பா, வாய் கை நுழைகிற அகலம். பிளாஸ்டிக்கை எலி கடிக்கும். முக்கியமாக அது அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஜெப அறையிலோ வரவேற்பறை அலமாரியிலோ வைத்தால் உலை வைக்கிற அவசரத்தில் யாரும் அங்கே போகமாட்டார்கள்.

ஆட்கள்: ஒரு ஜோடிக்குப் பன்னிரண்டு வீட்டுக்கு மேல் கொடுக்காதீர்கள். 160 வீட்டுக்குப் பதினான்கு ஜோடி. அதே ஜோடி அதே வீட்டுக்கு, ஒரு வருடம் மாற்றாமல். நாள் சனிக்கிழமை சாயங்காலம். பூட்டிக்கிடந்தால் டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைக்கச் சொல்லுங்கள், 'அடுத்த வாரம் சேர்த்து' என்பது மட்டும் வேண்டாம். ஜூனில் தொடங்குவதாகச் சொன்னீர்கள், பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். ஈஸ்டர் முடிந்த வாரமோ ஆகஸ்டோ பாருங்கள்.